கால்குலேட்டரும் கம்ப்யூட்டரும்: சீரியல் கேபிள் பற்றிய வாசகர் கேள்விகள்

பழைய கிராஃபிங் கால்குலேட்டர்களில் எழுதி வைத்த நிரல்களையும் சோதனை அளவீடுகளையும் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எப்படி என்று இந்த முறை பலர் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கேள்விகள் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் (டிஐ) தயாரிப்புகளைப் பற்றியவை. ஹெச்பி 48 வைத்திருப்பவர் ஒருவரும் எழுதியிருக்கிறார்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய டிஐ-83 இன்னும் வேலை செய்கிறது. கூடவே வந்த கறுப்பு நிற கிராஃப் லிங்க் கேபிளும் இருக்கிறது. இப்போதைய லேப்டாப்பில் சீரியல் போர்ட் இல்லாததால் யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் வாங்கி மாட்டினேன். அடாப்டரை விண்டோஸ் காம்3 என்று காட்டுகிறது. கால்குலேட்டர் மட்டும் பதிலே சொல்வதில்லை. அடாப்டரை மாற்றினால் சரியாகுமா? (நியூஜெர்ஸி வாசகர்)

பதில்: எந்த அடாப்டர் வாங்கினாலும் சரியாகாது. காசைச் செலவழிக்கும் முன் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

டிஐ கால்குலேட்டரின் லிங்க் போர்ட் உண்மையில் சீரியல் போர்ட்டே இல்லை. அதில் இரண்டு சிக்னல் கம்பிகளும் ஒரு கிரவுண்டும் இருக்கின்றன. சும்மா இருக்கும்போது இரண்டு கம்பிகளிலும் 5 வோல்ட் அளவில் மின்னழுத்தம் நிற்கும். அனுப்ப வேண்டிய பிட் 0 என்றால் அனுப்புகிறவர் ஒரு கம்பியை 0 வோல்ட்டுக்கு இழுப்பார், 1 என்றால் மற்றதை இழுப்பார். பெறுகிறவர் மீதமிருக்கும் கம்பியை இழுத்து 'வந்தது' என்பார். பிறகு முதலாமவர் தன் கம்பியை விடுவார், இரண்டாமவரும் விடுவார். ஆக ஒரு பிட்டுக்கு நான்கு அசைவுகள், ஒரு பைட்டுக்கு 32 அசைவுகள். நொடிக்கு இத்தனை பிட் என்ற கணக்கு இங்கே கிடையாது. ஒருவர் அசைந்தால்தான் அடுத்தவர் அசைவார்.

கறுப்பு கேபிளுக்குள் மூளை எதுவும் இல்லை. சீரியல் போர்ட்டில் தகவல் போகவேண்டிய 2, 3-ஆம் முள்களை அது தொடுவதே இல்லை. மோடத்தைக் கட்டுப்படுத்த வைத்திருக்கும் டிடிஆர், ஆர்டிஎஸ் முள்களை மேலும் கீழும் ஆட்டி, சிடிஎஸ், டிஎஸ்ஆர் முள்களைப் படித்து, அந்த 32 அசைவுகளையும் கம்ப்யூட்டர் மென்பொருளே செய்யவேண்டும். அந்தக் காலத்து நிரல்கள் பல இதற்காக காம்1 போர்ட்டுக்குரிய, 3எஃப்8-இல் தொடங்கும் முகவரிகளுக்கு நேரடியாக எழுதின. யுஎஸ்பி அடாப்டருக்கு அப்படி ஒரு முகவரியே கிடையாது, காம்3 என்பது விண்டோஸ் அதற்கு வைத்த பெயர் மட்டும்தான்.

முகவரிச் சிக்கலை மென்பொருள் சமாளித்தாலும் வேகம் இடிக்கும். அடாப்டரில் ஒரு முள்ளை ஆட்டும் உத்தரவு யுஎஸ்பி வழியாகப் போய்ச்சேர ஏறக்குறைய 1 மில்லிநொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 அசைவுக்கு 32 மில்லிநொடி. 10 கேபி நிரல் போக ஐந்தரை நிமிடம், அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். மதர்போர்டிலுள்ள போர்ட்டில் அதே அசைவுக்குச் சில மைக்ரோநொடி போதும்.

உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மதர்போர்டிலேயே சீரியல் போர்ட் உள்ள டெஸ்க்டாப்பைத் தேடலாம். பின்பக்கம் போர்ட் தெரியாவிட்டாலும் போர்டின் மேல் 'காம்' என்று அச்சிட்ட 10 முள் தலைப்பு பல டெஸ்க்டாப்களில் இருக்கும், அதற்கு 9 முள் பிராக்கெட் ஒயர் கிடைக்கும். அந்த ஒயரில் இரண்டு விதமான முள் வரிசை உண்டு. தவறான வகையை மாட்டினால் போர்ட் செத்தது போலவே தெரியும், அதனால் மல்டிமீட்டரில் ஒவ்வொரு முள்ளாகச் சரிபார்த்து வாங்குங்கள். இரண்டாவது வழி சில்வர் லிங்க் எனப்படும் யுஎஸ்பி கேபிள். அதற்குள் தனிச் சில்லு இருப்பதால் மேலே சொன்ன எந்தத் தொல்லையும் இல்லை.

மூன்றாவது வழியைத்தான் முதலில் முயலச் சொல்வோம். வீட்டில் யாரிடமாவது டிஐ-84 பிளஸ் இருக்கிறதா என்று பாருங்கள். 2004-இல் வந்த அந்த மாடலில் பழைய 2.5 மிமீ லிங்க் ஓட்டையும் இருக்கிறது, மினி யுஎஸ்பி போர்ட்டும் இருக்கிறது. உங்கள் டிஐ-83-லிருந்து லிங்க் ஒயரில் டிஐ-84 பிளஸ்ஸுக்கு அனுப்பி, அங்கிருந்து யுஎஸ்பியில் கம்ப்யூட்டருக்கு எடுத்துவிடலாம். சீரியல் போர்ட்டே தேவைப்படாது.

கேள்வி: என்னிடம் இருப்பது சாம்பல் நிற கேபிள். இதற்கும் அதே கதிதானா?

பதில்: இல்லை, நீங்கள் கொடுத்து வைத்தவர். சாம்பல் கேபிளில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் இருக்கிறது. கால்குலேட்டரின் அந்த 32 அசைவுகளையும் அதுவே பார்த்துக்கொண்டு, கம்ப்யூட்டர் பக்கம் சாதாரண சீரியல் பேசும்: 9600 பாட், 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். அதனால்தான் மேக்கிலும் விண்டோஸிலும் வேலை செய்தது. கறுப்பு விண்டோஸுக்கு மட்டும் என்று விற்கப்பட்டது.

யுஎஸ்பி அடாப்டரில் சாம்பல் கேபிளைத் தாராளமாக முயலலாம். ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: கேபிளுக்குள் இருக்கும் சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் போர்ட்டின் டிடிஆர், ஆர்டிஎஸ் முள்களிலிருந்துதான் எடுக்கிறது. டெர்மினல் நிரலில் (போர்ட்டில் எழுத்துகளை அனுப்பிப் பெறும் நிரல்) இவற்றை அணைத்து வைத்தால் கேபிள் உயிரோடு இருக்காது.

கேபிளைக் குறை சொல்லும் முன் அடாப்டரைச் சோதித்துவிடுங்கள். 9 முள் முனையில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு சிறு ஒயரால் இணையுங்கள், பேப்பர் கிளிப் போதும். டெர்மினல் நிரலை 9600-இல் திறந்து, ஃப்ளோ கன்ட்ரோலையும் லோக்கல் எக்கோவையும் அணைத்துவிட்டு டைப் செய்யுங்கள். அடித்த எழுத்து திரையில் திரும்பி வந்தால் அடாப்டர் நல்லது. கிளிப்பை எடுத்ததும் எழுத்து வருவது நிற்கவேண்டும், இதையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்டார்ட், ஸ்டாப் பிட்டுகளையும் சேர்த்தால் ஒரு பைட்டுக்கு 10 பிட், அதனால் அதிகபட்ச வேகம் நொடிக்கு 960 பைட். டிஐ-83-இல் பயனருக்குக் கிடைப்பது சுமார் 27 கேபி. முழு நினைவகத்தையும் எடுக்க அரை நிமிடத்துக்குக் குறையாது. பத்து நொடியில் பொறுமை இழந்து கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள்.

கேள்வி: விண்டோஸ் 98 உள்ள பழைய டெஸ்க்டாப்பைத் தூசு தட்டி எடுத்திருக்கிறேன். டிஐ-83-லிருந்து நிரல்களை எடுக்க வரிசையாக என்னென்ன செய்யவேண்டும்?

பதில்: முதலில் பேட்டரி. நான்கு ட்ரிபிள்-ஏ செல்களையும் புதிதாகப் போடவேண்டும், ஆனால் பழையதைக் கழற்றும் முன் இந்தப் பத்தியை முழுதும் படித்துவிடுங்கள். டிஐ-83-இல் எல்லாமே ரேமில்தான் இருக்கிறது. செல்களை மாற்றும் நேரத்தில் அந்த ரேமைத் தாங்குவது சிஆர்1616 அல்லது சிஆர்1620 என்ற பொத்தான் பேட்டரி. இரண்டு வகையையும் ஒரே நேரத்தில் கழற்றினால் எல்லாம் போய்விடும். பத்து வருடம் அலமாரியில் கிடந்த கருவி என்றால் பொத்தான் பேட்டரி செத்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். திரை இன்னும் மங்கலாகவாவது தெரிகிறது என்றால் செல்களைத் தொடாமல் முதலில் கேபிளில் எடுக்க முயல்வதே பாதுகாப்பு. அது முடியாதபோது, ட்ரிபிள்-ஏ செல்களை இருந்தபடியே விட்டுவிட்டு முதலில் பொத்தான் பேட்டரியை மாற்றுங்கள். பிறகு செல்கள். நிரல் எழுதின நாட்களின் உழைப்பு அந்தச் சின்ன வட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

அடுத்து போர்ட். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) சீரியல் போர்ட் முடக்கப்பட்டிருந்தால் இயக்குங்கள். காம்1-ம் காம்3-ம் ஐஆர்க்யூ 4-ஐயும் (ஐஆர்க்யூ என்பது கருவி கம்ப்யூட்டரின் கவனத்தைக் கூப்பிடும் தடம்), காம்2-ம் காம்4-ம் ஐஆர்க்யூ 3-ஐயும் பங்கிட்டுக்கொள்ளும். காம்1-இல் சீரியல் மவுஸ் இருந்தால் கேபிளை காம்2-இல் மாட்டுங்கள், காம்3-இல் வேண்டாம். பாம் கைக்கணினியின் ஹாட்சிங்க் மாதிரி நிரல் ஏதாவது பின்னணியில் ஓடினால் அது போர்ட்டைப் பிடித்துக்கொண்டு விடாது. அதை மூடுங்கள்.

டிஐ கிராஃப் லிங்க் மென்பொருளில் லிங்க் மெனுவுக்குப் போய் போர்ட்டையும் கேபிள் வகையையும் தேர்ந்தெடுக்கவேண்டும். கேபிள் வகையைத் தவறாகச் சொல்வதுதான் அதிகம் நடக்கிற பிழை. கறுப்புக்குச் சாம்பல் என்றோ சாம்பலுக்குக் கறுப்பு என்றோ சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு பைட்கூட நகராது. டில்ப் என்ற திறமூல நிரலிலும் இதே தேர்வு உண்டு. லினக்ஸில் அதை ஓட்டுகிறவர்கள் தங்கள் பயனர் கணக்கை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்தால்தான் போர்ட் திறக்கும். டெபியன், உபுண்டுவில் இப்படி.

டிஐ-83-ஐ வெறும் முகப்புத் திரையில் விட்டுவிடுங்கள். கம்ப்யூட்டரே பட்டியலைக் கேட்டு வாங்கும், கால்குலேட்டரில் எதையும் அழுத்த வேண்டாம். ஏதாவது மெனு திறந்திருந்தாலோ நிரல் ஓடிக்கொண்டிருந்தாலோ பதில் வராது. டிஐ-82, டிஐ-85 இரண்டுக்கும் இந்த வசதி இல்லை. அவற்றில் கம்ப்யூட்டரைப் பெறும் நிலையில் நிறுத்திவிட்டு, கால்குலேட்டரில் லிங்க் மெனுவைத் திறந்து, வேண்டியதைத் தேர்ந்து, நீங்களே அனுப்பவேண்டும்.

முதல் வேலையாக முழு பேக்கப் எடுத்து வையுங்கள். பிறகு ஒவ்வொரு நிரலையும் தனித்தனிக் கோப்பாகவும் எடுங்கள். பேக்கப்பைத் திரும்ப ஏற்றினால் அது கால்குலேட்டரில் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுத்தான் உட்காரும். தனிக் கோப்பு கையிலிருந்தால் ஒரு நிரலுக்காக மற்றவற்றை இழக்கவேண்டியதில்லை.

கேள்வி: இரண்டு கால்குலேட்டர்களை இணைத்தால் ஒவ்வொரு முறையும் 'எர்ரர் இன் எக்ஸ்மிட்' வருகிறது. ஒயர் புதியது. (கணித ஆசிரியை, சிங்கப்பூர்)

பதில்: பத்தில் எட்டு முறை பிளக் முழுதாக உள்ளே போகவில்லை என்பதுதான் காரணம். 2.5 மிமீ பிளக் உள்ளே போய் ஓர் இடத்தில் தங்கும். 'போய்விட்டது' என்று கை நினைக்கும். அதற்கு மேலும் ஓர் அழுத்து அழுத்தினால் சின்னதாக 'டிக்' என்று உட்காருவது விரலுக்குத் தெரியும். உலோகக் கழுத்து கொஞ்சமாவது வெளியே தெரிந்தால் இன்னும் உட்காரவில்லை. இரண்டு முனைகளையும் இப்படிப் பாருங்கள்.

மீதி இரண்டு முறைக்குக் காரணம் வரிசை. பெறும் கருவியில் முதலில் செகண்ட், லிங்க், ரிசீவ் அழுத்தி 'வெயிட்டிங்' என்று வந்தபிறகுதான் அனுப்பும் கருவியில் டிரான்ஸ்மிட் அழுத்தவேண்டும். அனுப்புகிறவர் ஓரிரு நொடிதான் காத்திருப்பார்.

ஒயர் புதியது என்றீர்கள். ஆனால் அது மோனோ ஒயராக இருக்கலாம். பிளக்கில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கவேண்டும். ஒன்றுதான் என்றால் அதில் ஒரு சிக்னல் கம்பி இல்லை. அந்த ஒயர் ஒருநாளும் உதவாது.

கேள்வி: இயற்பியல் சோதனையில் சென்ஸார் வழியாக எடுத்த அளவீடுகள் எல்1, எல்2 பட்டியல்களாக டிஐ-83-இல் இருந்தன. கோப்பாக எடுத்துவிட்டேன். ஆனால் ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்தால் குப்பையாக வருகிறது.

பதில்: .83எல் கோப்பு எழுத்துக் கோப்பு இல்லை, பைனரி. டிஐ கனெக்ட் மென்பொருளின் டேட்டா எடிட்டரில் திறந்து அங்கிருந்து ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு நகலெடுப்பது சுலபம். மென்பொருள் எதுவும் கையில் இல்லையென்றாலும் அளவீடுகள் தொலைந்துவிடவில்லை. கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஒரு ஹெக்ஸ் எடிட்டர் இருந்தால் கண்ணாலேயே படிக்கலாம். அவ்வளவு நேர்மையான அமைப்பு அது.

கோப்பின் தலைப்பு 55 பைட். 8 பைட் அடையாளம், 3 பைட் குறி, 42 பைட் குறிப்பு, 2 பைட் நீளம். அதன்பின் மாறியைப் பற்றிய 15 பைட். ஆக 70 பைட்டைத் தள்ளினால் பட்டியல் தொடங்கும். முதல் 2 பைட்டில் எத்தனை எண்கள் என்ற கணக்கு இருக்கும், சிறிய பைட் முதலில். 72-ஆவது இடத்திலிருந்து, அதாவது 0-விலிருந்து எண்ணினால், எண்கள் ஆரம்பம். ஒவ்வொன்றும் 9 பைட்.

3.14 எப்படி இருக்கும் என்று பாருங்கள்: 00 80 31 40 00 00 00 00 00. முதல் பைட் 00 என்றால் நேர் எண், 80 என்றால் குறை எண். இரண்டாவது பைட் பத்தின் அடுக்கு. 80 என்றால் அடுக்கு 0, 81 என்றால் 1. மீதி ஏழு பைட்டில் 14 இலக்கங்கள் அப்படியே பச்சையாக இருக்கின்றன. -25 என்பது 80 81 25 என்று தொடங்கி மீதியெல்லாம் 00. இரும எண்ணாக மாற்றிக் குழப்பாமல் பத்தடிமானத்திலேயே வைத்திருப்பதால் உங்கள் அளவீட்டில் கடைசி இலக்கம் வரை பிசகு இல்லை. 999 எண்கள் கொண்ட முழுப் பட்டியல் என்றாலும் 8,993 பைட்தான். பைதான் தெரிந்த மாணவருக்கு இருபது வரி வேலை.

டிஐ-83 பிளஸ் கோப்பில் மாறியின் தலைப்பு 2 பைட் அதிகம். அங்கே எண்கள் 74-இல் தொடங்கும். இதை மறந்தால் எல்லா எண்களும் இடம் பிசகி வரும்.

கேள்வி: .83பி என்ற நிரல் கோப்பை டிஐ-83 பிளஸ்ஸில் ஏற்ற முடியவில்லையே?

பதில்: மாடல் வேறு, கோப்பு வகை வேறு. பிளஸ்ஸுக்கு .8எக்ஸ்பி வேண்டும். பெயரை மாற்றி ஏமாற்ற முடியாது, கோப்பின் முதல் எட்டு எழுத்திலேயே எந்த மாடல் என்று எழுதியிருக்கும். நிரல் பேசிக் மொழியில் எழுதியதாக இருந்து டிஐ-83-ம் கையிலிருந்தால், அதில் ஏற்றி லிங்க் ஒயரில் பிளஸ்ஸுக்கு அனுப்புங்கள், வாங்கிக்கொள்ளும். அசெம்ப்ளி நிரல் என்றால் அனுப்பினாலும் ஓடாது. பிளஸ்ஸுக்கென்று எழுதியதைத் தேடவேண்டும்.

கேள்வி: மூன்று கம்பிதானே, 2.5 மிமீ பிளக்கை 9 முள் இணைப்பியில் நேராகப் பற்றவைத்து கேபிள் செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். சீரியல் போர்ட்டின் வெளியீட்டு முள்ளில் 5 முதல் 15 வோல்ட் வரை இருக்கும், சும்மா இருக்கும்போது அதுவும் மைனஸ் பக்கத்து மின்னழுத்தம். கால்குலேட்டர் தாங்குவது 0 முதல் 5 வரைதான். நேராக இணைத்தால் லிங்க் போர்ட் எரியும். அந்தப் போர்ட் கால்குலேட்டரின் மெயின் போர்டிலேயே இருப்பதால் மாற்றவும் முடியாது. உள்ளே இருக்கும் நிரல்களை எடுக்கும் ஒரே வாசலும் அதோடு மூடிவிடும்.

கைவேலையில் ஆர்வம் இருந்தால் 5 வோல்ட்டில் ஓடும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் பலகை ஏற்றது. சிக்னல் கம்பிகளுக்கு இரண்டு முள்கள், ஒரு கிரவுண்ட். முள்ளை ஒருபோதும் 'ஹை' என்று தள்ளாதீர்கள். இழுக்கும்போது மட்டும் அவுட்புட்-லோ, விடும்போது இன்புட் என்று மாற்றுங்கள். கம்பியை மேலே தூக்கும் வேலை கால்குலேட்டருடையது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எதிரெதிராகத் தள்ளினால் சூடாவது சில்லுதான்.

கேள்வி: ஹெச்பி 48ஜிஎக்ஸ் வைத்திருக்கிறேன். நான்கு முள் போர்ட். கம்ப்யூட்டரிலிருந்து நிரல் ஏற்றினால் நிரலுக்குப் பதிலாக 'ஹெச்பிஹெச்பி48' என்று தொடங்கும் எழுத்துச் சரம் வந்து உட்காருகிறது. கேபிள் கெட்டுவிட்டதா?

பதில்: கேபிள் நன்றாக இருக்கிறது. ஹெச்பி 48 உண்மையான சீரியல் பேசும் கருவி. முள் வரிசை: 1 ஷீல்ட், 2 அனுப்புவது, 3 பெறுவது, 4 கிரவுண்ட். 9 முள் பக்கத்தில் இவை முறையே இணைப்பியின் உறை, 2, 3, 5. வேகம் 9600 வரை. யுஎஸ்பி அடாப்டரிலும் தகராறு இல்லை.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டரில் கோப்பு அனுப்பும் கெர்மிட் என்ற மென்பொருள், உங்கள் நிரலை எழுத்துக் கோப்பு என்று நினைத்து அனுப்பிவிட்டது. கால்குலேட்டரும் எழுத்தாகவே வாங்கிக்கொண்டது. கெர்மிட்டில் கோப்பு வகையை பைனரி என்று மாற்றுங்கள். கால்குலேட்டரிலிருந்து அனுப்பும்போது -35 என்ற ஃபிளாகை (உள்ளமைப்புச் சுவிட்ச்) எஸ்எஃப் கட்டளையால் ஏற்றினால் பைனரி, சிஎஃப் கட்டளையால் இறக்கினால் எழுத்து. -33 இறங்கியே இருக்கட்டும். ஏற்றிவிட்டால் தகவல் ஒயருக்குப் பதிலாக அகச்சிவப்புக் கதிரில் போகும், நீங்கள் ஒயரைக் குடைந்துகொண்டிருப்பீர்கள்.

பிறகு கால்குலேட்டரில் சர்வர் கட்டளையை இயக்குங்கள். கெர்மிட்டில் செண்ட் கொடுங்கள். எல்லாம் போனபின் கெர்மிட்டிலிருந்து ஃபினிஷ் அனுப்பினால் சர்வர் நிலை முடியும். கடைசியாக கால்குலேட்டரில் க்ளோஸ்ஐஓ கட்டளையையும் இயக்கிவிடுங்கள். போர்ட் திறந்தபடியே இருந்தால் மூன்று ட்ரிபிள்-ஏ செல்களும் சீக்கிரம் வற்றிவிடும்.